பேச்சுக்கு முதல் வழி



நம்முடைய தொழில் வாய்ச்சொல்லில் நடக்கிற தொழில். விலை கேட்பது, பேசி முடிப்பது, லாரியைக் கிளப்பச் சொல்வது எல்லாம் பேச்சுதான். பில்லும் இ-வே பில்லும் பேரேட்டு வரவும் அதற்குப் பிறகு எழுகிற காகிதங்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தது, 2018-இல் இ-வே பில் வந்தது. நாமும் கணினி வாங்கினோம், ஆள் வைத்தோம், பழகிக்கொண்டோம். காகிதத்துக்கு இவ்வளவு செலவு செய்த நாம், அந்தக் காகிதத்துக்கு ஆதாரமான பேச்சு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பதைக் கவனிப்பதில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரை.

இன்று நம்மவர்கள் பலருக்குக் கடை பஜாரிலும், கிட்டங்கி ஊருக்கு வெளியே புறவழிச் சாலையிலும், கிளை வேறு ஊரிலும் இருக்கின்றன. இந்த மூன்றையும் இணைய இணைப்பால் சேர்த்து, ஒரே கணக்காகப் பார்க்கிறோம். கணினிக்காரர்கள் இதை டபிள்யூ.ஏ.என். என்பார்கள், ஊர் கடந்த வலைப்பின்னல் என்று வைத்துக்கொள்ளலாம். சில வருடங்களாகத் தொலைபேசியையும் அதே கம்பியில் ஏற்றிவிட்டோம். பழைய செம்புக் கம்பி இணைப்புகள் பல ஊர்களில் கழற்றப்பட்டு வருகின்றன. கிளைக்கும் கிட்டங்கிக்கும் மூன்று இலக்க எண்ணை அழுத்தினால் செலவில்லாமல் பேசலாம். மாதம் ஒரே ரசீது. காரணங்கள் நியாயமானவைதாம். ஆனால் அதே கம்பியில் பில் போகிறது, இருப்புக் கணக்கு போகிறது, காமிராப் படம் போகிறது, மாலையில் கணக்கு நகல் மேலே ஏறுகிறது, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையன் பார்க்கிற சினிமாவும் போகிறது. இத்தனைக்கும் நடுவே பேச்சு நசுங்குகிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்தக் கம்பியில் பேச்சுக்கு முதல் வழி விட வேண்டும். அதை முதலாளி சொல்லி, இணைப்புப் பெட்டியில் முறையாக ஏற்பாடு செய்ய வேண்டும். வேகத்தைக் கூட்டி வாங்கினால் தானே சரியாகிவிடும் என்று இருப்பது பணத்துக்கும் கேடு, தொழிலுக்கும் கேடு. இது கம்ப்யூட்டர் விஷயம், நமக்கென்ன என்று அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நானும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திக்கொண்டு பருப்பு மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன்தான். இந்தத் துறையில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியபோது, இது நமக்குத் தெரிந்த வரிசைக் கணக்குதான் என்று புரிந்தது.

நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு, கிளையிலிருக்கும் பையன் கிட்டங்கி மேஸ்திரியைக் கூப்பிட்டு, "லாரிய இன்னைக்கு அனுப்ப வேண்டாம் அண்ணாச்சி, நாளைக்கு அனுப்புங்க" என்றிருக்கிறான். மேஸ்திரி காதில் விழுந்தது, "லாரிய இன்னைக்கு அனுப்ப... அண்ணாச்சி... அனுப்புங்க." இரண்டு சொல் வழியில் உதிர்ந்துவிட்டது. லாரி கிளம்பிவிட்டது. சரக்கு கேட்டவர் வீட்டில் துக்கம், கடை அடைத்திருக்கிறார்கள். லாரி ராத்திரி முழுக்க நின்று, மறுநாளும் நின்று, காத்திருப்புக் கூலி ஏறி, கடைசியில் வேறு இடத்தில் இறக்கி மறுபடி ஏற்றினார்கள். அந்தப் பணம் போனால் போகிறது. பையன் தான் வேண்டாம் என்று சொன்னதாகச் சத்தியம் செய்கிறான். மேஸ்திரி அப்படிச் சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. இருபது வருடம் ஒரே கடையில் உப்புத் தின்ற மனிதர் அன்றோடு முகம் திருப்பிக்கொண்டார். இந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

செம்புக் கம்பிக் காலத்தில் இரைச்சல் இருக்கும். கத்திப் பேசினால் கேட்கும். இப்போதைய கோளாறு வேறு மாதிரி. சத்தம் தெளிவாக இருக்கும், ஆனால் நடுவில் ஒரு துண்டு இருக்காது. துண்டு போனது பேசுகிறவருக்கும் தெரியாது, பல சமயம் கேட்கிறவருக்கும் தெரியாது. 'அறுபத்தி' போய் 'மூணு' மட்டும் விழுந்தால் மறுபடி கேட்டுவிடலாம். 'அறுபத்திமூணு அம்பது' என்பதில் 'அம்பது' உதிர்ந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? கிலோவுக்கு ஐம்பது காசு. பத்து டன்னுக்கு ஐயாயிரம் ரூபாய்.

டிரங்க் கால் காலத்து வரிசை

பேச்சுக்கு முன்னுரிமை என்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல. என் வயதொத்தவர்களுக்கு டிரங்க் கால் நினைவிருக்கும். வெளியூர் பேச வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரணம் என்று பதியலாம். அவசரம் என்று பதிந்தால் கட்டணம் கூடுதல். அதற்கும் மேலே லைட்னிங் என்று ஒன்று உண்டு, பல மடங்கு காசு, ஆனால் உடனே கிடைக்கும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே இருந்த கம்பிகள் சில. பேச நினைத்தவர்கள் பலர். யார் முன்னே, யார் பின்னே என்று ஆப்பரேட்டர் அம்மாள் வரிசை கட்டினார். பின்னர் எஸ்.டி.டி. வந்தது. நம் நாட்டில் முதன்முதலில் 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில் தொடங்கியது. நம் பக்கத்துச் சிற்றூர்களுக்கு வர வெகு காலம் ஆயிற்று. அதன் பிறகு நாமே எண்ணைச் சுழற்றினோம், வரிசை கட்ட ஆள் தேவைப்படவில்லை. அந்தக் காலத்துக் கம்பியில் ஒரு பேச்சு தொடங்கிவிட்டால், முடியும்வரை அந்த வழி அவருக்கே சொந்தம். அவர் மௌனமாக இருந்தாலும் வேறொருவர் உள்ளே வர முடியாது.

இணையக் கம்பியில் யாருக்கும் வழி சொந்தமில்லை. பேச்சானாலும் பில்லானாலும் படமானாலும் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு ஒரே வாசலில் வரிசையில் நிற்கின்றன. வந்த வரிசைப்படி வெளியே போகின்றன. ஆப்பரேட்டர் அம்மாள் அங்கே இல்லை. நாம் சொல்லாதவரை அந்தப் பெட்டிக்கு எது பேச்சு, எது சினிமா என்ற வித்தியாசம் தெரியாது.

மல்லியும் மல்லிகையும்

கிட்டங்கிக்கு ஒரே வாசல். உள்ளே கொத்தமல்லி மூட்டை இருநூறு, மல்லிகைப் பூக்கூடை நான்கு என்று வைத்துக்கொள்வோம். மல்லி மூட்டை ஒரு மணி நேரம் பிந்தினால் ஒன்றும் ஆகாது. வழியில் ஒன்று தவறிவிட்டால் வேறொன்று அனுப்பலாம். பூ அப்படியா? நேரம் கடந்து போய்ச் சேருகிற பூ, போய்ச் சேராத பூவுக்குச் சமம். மறுபடி அனுப்புவதிலும் அர்த்தமில்லை, முகூர்த்தம் முடிந்திருக்கும். கணினியில் பில்லும் கணக்கு நகலும் மல்லி மூட்டை ஜாதி. ஒரு பொட்டலம் தொலைந்தால் எதிர்முனை கேட்டு வாங்கிக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது. பேச்சு பூ ஜாதி. தாமதமாக வந்த பொட்டலத்தைத் தொலைபேசிக் கருவியே கீழே போட்டுவிடும். அதுதான் உதிர்ந்து போகிற சொல்.

ஒரு பேச்சை விநாடிக்கு ஐம்பது பொட்டலமாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குப் பேச்சு. வாயிலிருந்து எதிர்முனைக் காதுக்கு 150 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நேரத்துக்குள், போய்விட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது ஐ.டி.யு. என்னும் சர்வதேச அமைப்பு வகுத்த அளவு. அதைத் தாண்டிப் போகப்போக, இவர் பேச்சில் அவர் விழுவார், அவர் பேச்சில் இவர் விழுவார். தாமதம் ஒரே சீராக இருந்தாலாவது பரவாயில்லை. ஒரு பொட்டலம் சீக்கிரமும் அடுத்தது தாமதமும் என்று வந்தால் இன்னும் தொந்தரவு. இதைச் சமாளிக்கத் தொலைபேசிக் கருவி கொஞ்சம் பேச்சை இருப்பில் வைத்துக்கொண்டு சீராக எடுத்துக் கொடுக்கும், நாம் கடையில் பத்து மூட்டை கையிருப்பு வைப்பதைப் போல. ஆனால் அந்த இருப்பு சில பத்து மில்லி விநாடிக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் வைத்தால் பேச்சே பழசாகிவிடும்.

எவ்வளவு இடம் கேட்கிறது?

இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பேச்சு நிறைய இடம் கேட்கும், ஆகையால் பெரிய திட்டம் எடுங்கள் என்று விற்பனைக்காரர்கள் சொல்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். ஜி.711 என்னும் வழக்கமான முறையில் பேச்சு மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் விலாசம், உறை எல்லாம் சேர்த்தால் 80. கம்பியின் மேலுறை, கிளைகளுக்கு நடுவே போடும் பாதுகாப்பு உறை எல்லாம் சேர்ந்து, தாராளமாகவே 100 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினாலும் போகிற பக்கம் 1 மெகாபிட், வருகிற பக்கம் 1 மெகாபிட். அவ்வளவுதான். ஜி.729 என்று சுருக்கிக் கட்டுகிற முறையும் உண்டு. அதில் பேச்சு 20 பைட், மேல் விலாசம் 40 பைட். சரக்கைவிடச் சாக்கு கனம் என்றாலும், மொத்தத்தில் முன்னதைவிடக் குறைவுதான்.

இதற்கு எதிரில் காமிராவைப் பாருங்கள். தெளிவான படம் தருகிற ஒரு காமிராவே 2 முதல் 4 மெகாபிட் கேட்கும். கிட்டங்கியில் எட்டு மாட்டி, வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மேலே அனுப்பினால் 16-லிருந்து 32 வரை ஆகிவிடும். ஆக, பேச்சு கேட்பது பெரிய இடத்தை அல்ல, வரிசையில் முன்னிடத்தை.

சரி, முன்னிடம் கொடுத்தால் மற்றவற்றுக்கு என்ன நஷ்டம்? மேலே அனுப்பும் வேகம் 10 மெகாபிட் உள்ள இணைப்பில் 2 ஜிகாபைட் கணக்கு நகல் ஏற ஏறத்தாழ 27 நிமிடம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் பத்துப் பேர் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்து, பேச்சுக்கு 1 மெகாபிட்டை முதலில் கொடுத்துவிட்டாலும், நகல் 30 நிமிடத்தில் ஏறிவிடும். மூன்று நிமிடம் பிந்துகிறது. அந்த மூன்று நிமிடத்தை யாரும் உட்கார்ந்து எண்ணப்போவதில்லை. ஒரு லாரி வீணாகப் போய்த் திரும்புவதற்கு இதை ஈடு வைத்துப் பாருங்கள்.

வேகம் கூட்டினால் தீருமா?

என் கடையிலும் இந்தத் தொல்லை இருந்தது. இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டோம். காலை பதினொரு மணிக்கு ஒரு தம்பி வந்து வேகத்தை அளந்து, "எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு" என்று காட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி பேச்சு உடைந்தது. மறுபடி கூப்பிட்டால், மேல்திட்டத்துக்கு மாறுங்கள் என்றார்கள். மாறினோம். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு பழைய கதை.

காரணம் எளிது. கணக்கு நகல் எடுக்கும் மென்பொருளும் பெரிய கோப்பு அனுப்புகிற வேலையும் இருக்கிற இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும் சுபாவம் உடையவை. பத்து கொடுத்தால் பத்து, இருபது கொடுத்தால் இருபது. வேகம் கூடினால் அந்த வேலை சீக்கிரம் முடியும், வாஸ்தவம். ஆனால் அது நடக்கிற நேரமெல்லாம் வாசல் அடைத்துத்தான் இருக்கும். அதோடு நமக்கு விற்கப்படும் திட்டங்கள் சிலவற்றில் கீழே இறங்குகிற வேகத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மேலே ஏறுகிற வேகம் அதைவிடக் குறைவாக இருக்கும். சினிமா பார்க்கிறவருக்கு இறங்குவது முக்கியம். நமக்கு இரண்டும் முக்கியம், நம் குரல் ஏறுகிற பக்கமாகத்தானே போகிறது.

உண்மையிலேயே கம்பி சிறிதாக இருந்தால் பெரியது வாங்கத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. அடிக்கடி அறுந்து போகிற இணைப்புக்கும் முன்னுரிமை மருந்தாகாது. மிகவும் மெதுவான கம்பியில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு பெரிய பொட்டலம் 1500 பைட். 64 கிலோபிட் கம்பியில் அது வாசலைக் கடக்கவே 187 மில்லி விநாடி ஆகும். வாசலுக்குள் நுழைந்துவிட்ட லாரியைப் பின்னால் தள்ள முடியாது, சைக்கிள்காரர் எவ்வளவு அவசரமானாலும் நின்றுதான் ஆக வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய பொட்டலங்களை உடைத்து அனுப்புகிற ஏற்பாடெல்லாம் செய்ய வேண்டியிருந்தது. 10 மெகாபிட்டில் அதே பொட்டலம் 1.2 மில்லி விநாடியில் போய்விடும். ஆகவே இன்றைக்கு நமக்கு அந்தக் கவலை இல்லை. இன்றைய கவலை, லாரிக்குப் பின்னால் இன்னும் எழுநூறு லாரி நிற்பதுதான்.

வரிசை எங்கே நிற்கிறது?

இதைப் பல கம்ப்யூட்டர்காரர்களே கவனிப்பதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். நம் கடையில் சாதாரணமாக இரண்டு பெட்டி இருக்கும். ஒன்று நாம் வாங்கியது, ராவுட்டர். இன்னொன்று இணைப்புக் கொடுத்தவர்கள் மாட்டியது, மோடம். நம் ராவுட்டரில் பேச்சுக்கு முன்னுரிமை என்று அமைத்துவிட்டு, பலனில்லை என்று கையை விரிப்பார்கள். ஏன் பலனில்லை? ராவுட்டரிலிருந்து மோடத்துக்குப் போகிற கம்பி மிகவும் வேகமானது, அங்கே வரிசையே கிடையாது. நெரிசல் மோடத்தின் வாசலில். ஒரு மெகாபைட் அங்கே சேர்ந்து நின்றால் 10 மெகாபிட் வழியில் அது கரைய 0.8 விநாடி ஆகும். நம் பேச்சு அந்தக் கூட்டத்தின் வாலில் நிற்கும். அங்கே நம் உத்தரவு செல்லாது.

இதற்கு வழி, நம் ராவுட்டரிலேயே வேகத்தைக் கம்பியின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டுவது. ஏற்றம் 10 என்றால் 9 என்று கட்டுங்கள். அப்போது மோடத்தின் வாசல் காலியாக இருக்கும், வரிசை நம் பெட்டிக்குள் வந்து நிற்கும். நம் இடத்தில் நிற்கிற வரிசையை நாம் ஒழுங்குபடுத்தலாம். பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கச் சொன்னால் நம்மவர்களுக்கு மனசு வராது. காசு கொடுத்து வாங்கியதை ஏன் விடுவது என்பார்கள். நான் விட்டேன், ஆறு மணிப் பேச்சு அன்றே சரியாயிற்று.

இன்னொன்று. நாம் கட்டுப்படுத்தக்கூடியது நம் வாசலிலிருந்து வெளியே போவதை மட்டுமே. கிளையிலிருந்து வருகிற பேச்சைக் கிளையின் பெட்டிதான் முன்னே அனுப்ப வேண்டும். ஆகவே கடையில் மட்டும் அமைத்துவிட்டுக் கிட்டங்கியிலும் கிளையிலும் விட்டுவிட்டால், நாம் சொல்வது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் சொல்வது நமக்குக் கேட்காது.

முன்னுரிமைக்கும் ஓர் அளவு

எல்லாவற்றையும் அவசரம் என்று எழுதிக் கொடுத்தால் எதுவும் அவசரமில்லை என்று ஆகிவிடும். பில் போடுகிற பையன் பில்தான் முக்கியம் என்பான். காவலாளி காமிராதான் முக்கியம் என்பார். இ-வே பில் முக்கியந்தான், இல்லாமல் லாரி கிளம்பாது. ஆனால் அது அரை விநாடி பிந்தினால் யாருக்கும் தெரியாது. ஆகவே முதலிடம் பேச்சுக்கு, இரண்டாமிடம் பில்லுக்கும் வரி வேலைக்கும், காமிராவும் நகலும் அதற்குப் பின்னே, சினிமா கடைசியில். இதை முதலாளி தீர்மானிக்க வேண்டும். கம்ப்யூட்டர்காரருக்கு நம் கடையில் எது பூ, எது மூட்டை என்று எப்படித் தெரியும்?

பேச்சுக்கும் ஒரு வரம்பு கட்டி வைப்பது நல்லது. மொத்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேச்சுக்கு ஒதுக்க வேண்டாம் என்பது இத்துறையில் நெடுநாள் வழக்கம். அதோடு ஒரே நேரத்தில் எத்தனை பேச்சு என்பதையும் தொலைபேசி இயந்திரத்தில் கட்டிவிட வேண்டும். பத்துப் பேச்சுக்கு இடம் ஒதுக்கிப் பதினொன்றாவதை உள்ளே விட்டால், அந்தப் பதினொன்றாவது மட்டும் கெடும் என்று நினைக்கிறீர்களா? பதினொன்றும் சேர்ந்து கெடும். 'லைன் பிஸி' என்று ஒருவருக்குச் சொல்வது மேல்.

பொதுச் சாலையும் தனி வழியும்

"நம் பெட்டியில் சரி, நடுவே இணைப்புக் கம்பெனியின் சாலையிலும் நம் பேச்சுக்கு முதல் வழி விடச் சொல்லலாமே" என்று கேட்கத் தோன்றும். பேச்சுப் பொட்டலத்தின் மேல் 46 என்ற எண்ணை முத்திரையாகக் குத்தி அனுப்புவது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். இது முந்தவேண்டிய சரக்கு என்று பொருள். ஆனால் பொது இணையத்தில் அந்த முத்திரையை யாரும் மதிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பெரும்பாலும் மதிப்பதில்லை, சில இடங்களில் அழித்தும் விடுகிறார்கள்.

இதைக் குறையாக நான் கருதவில்லை என்றால் அன்பர்கள் ஆச்சரியப்படலாம். 2016-இல் டிராய் அமைப்பு, இன்ன தளத்துக்கு ஒரு கட்டணம், அன்ன தளத்துக்கு வேறு கட்டணம் என்று விற்கக்கூடாது என்று விதி செய்தது. 2018-இல் மத்திய அரசு, பொது இணையத்தில் ஒருவர் சரக்கை முந்தவிட்டு மற்றவர் சரக்கைப் பிந்தவிடக்கூடாது என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. பொதுச் சாலையில் முந்தும் உரிமை விலைக்கு வருமானால் அதை வாங்குவது யார்? நீங்களும் நானுமா? ஊருக்கு ஊர் கடை விரித்திருக்கும் பெரிய நிறுவனங்கள்தாம் வாங்கும். அவர்கள் ஆர்டர் பக்கம் கண்ணிமைப்பதற்குள் திறக்கும், நம்முடையது சுற்றிக்கொண்டே நிற்கும். பொதுச் சாலை எல்லோருக்கும் சமமாக இருப்பதுதான் சிறு வணிகருக்குப் பாதுகாப்பு. நம் காம்பவுண்டுக்குள் எந்த வண்டி முதலில் கிளம்ப வேண்டும் என்பது நம் இஷ்டம், அதை எந்த விதியும் தடுக்கவில்லை.

பல கிளைகள் உள்ள பெரிய மண்டிக்காரர்களுக்குத் தனி வழியும் உண்டு. கிளைகளை மட்டும் இணைக்கும் வாடகைத் தடம், எம்.பி.எல்.எஸ். என்று சொல்லி விற்கிறார்கள். விலை கூடுதல். ஆனால் அதில் பேச்சு வகுப்பு, தரவு வகுப்பு என்று பிரித்து வாங்கலாம். 46 முத்திரை அங்கே செல்லும். வாங்குகிறவர்கள் பேச்சு வகுப்புக்கு எத்தனை மெகாபிட், தாமதம் எவ்வளவுக்குள், தவறினால் என்ன தள்ளுபடி என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது. நாம் வாய்ச்சொல்லில் வியாபாரம் செய்கிறவர்கள்தாம், அவர்கள் அப்படி இல்லை. இரண்டு மூன்று இடம் மட்டும் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு, உள்ளூர் இணைப்பு நன்றாக இருந்தால், முன் சொன்ன ஏற்பாடே போதும்.

கைபேசி இருக்கிறதே?

இளைஞர்கள் கேட்பார்கள். இருக்கிறது. தகரக் கூரை போட்ட கிட்டங்கிக்குள், மூட்டை அடுக்குக்கு நடுவே நின்று பேசிப் பாருங்கள். சிக்னல் கிடைக்காமல் அதுவும் கடையின் வைஃபையைப் பிடித்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் பேசினால், அதே கம்பி, அதே நெரிசல். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கடை எண் கடையுடையது. நாற்பது வருடமாகச் சில்லறைக் கடைக்காரர்களின் சுவரில் பென்சிலால் எழுதியிருப்பது அந்த எண்தான். கைபேசி எண் ஊழியருடையது. அவர் நாளைக்கு எதிர்ச் சாரியில் தனிக்கடை போட்டால் வாடிக்கையும் அந்த எண்ணோடு நடந்துபோய்விடும். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஃபைபர் இணைப்புடன் அதே கம்பெனி தருகிற தொலைபேசி எண் இருந்தால், அந்தப் பேச்சைப் பெரும்பாலும் அவர்களே தனிப் பாதையில் பிரித்துக் கொண்டுபோகிறார்கள். ஆகவே "அந்த போன் நன்றாக இருக்கிறதே, கிளை போன் மட்டும் ஏன் உடைகிறது" என்று குழம்ப வேண்டாம். கிளை போனுக்குப் பாதை பிரிக்கிற வேலை நம்முடையது. மின்சாரம் போனால் இரண்டும் ஊமை. பழைய செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், கரண்ட் இல்லாத ராத்திரியிலும் மணி அடிக்கும். இப்போது மோடம், ராவுட்டர், தொலைபேசி இயந்திரம் மூன்றையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டாமல் பில் கணினியை மட்டும் மாட்டி வைத்திருக்கிற கடைகளே அதிகம்.

உங்கள் கடையில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லை. கிளையோடு பேசிக்கொண்டே, ஒரு பெரிய கோப்பை மேலே ஏற்றச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணச் சொல்லி எதிர்முனையில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை எண் விட்டுப்போகிறது என்று தெரிந்துவிடும். பிறகு பக்கம் மாற்றிச் செய்யுங்கள். இதைச் சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்ய வேண்டும், காலை பதினொரு மணிக்கு அல்ல. நம் சங்கம் மாதக் கூட்டம் ஒன்றில் தெரிந்த ஒருவரை வரவழைத்து, ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்து இதைச் செய்து காட்ட ஏற்பாடு செய்தால், பலருக்கு உபயோகமாக இருக்கும். ராவுட்டர் வாங்கும்போது, வேகத்தைக் கட்டவும் பேச்சைப் பிரிக்கவும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் அந்த வசதி பெயருக்குத்தான் இருக்கும்.

எல்லாம் அமைத்த பிறகு அந்த அமைப்பின் நகலையும், பெட்டியின் கடவுச்சொல்லையும் எழுதி வாங்கி, கல்லாவில் வையுங்கள். அமைத்த பையன் வேறு வேலைக்குப் போய்விடுவான். இணைப்பு ஒருநாள் நின்றுபோய்ப் புகார் கொடுத்தால், வருகிறவர் முதலில் செய்வது பெட்டியின் பின்னால் உள்ள சிறு துளையில் குச்சியை விட்டு அழுத்துவதுதான். இணைப்பு வந்துவிடும், நாம் கட்டிய வரிசை முழுக்க அழிந்திருக்கும். அவர் சொல்லமாட்டார், அன்று சாயங்காலம் கிட்டங்கியிலிருந்து மேஸ்திரி "என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்க" என்று கேட்கும்போதுதான் தெரியும்.